கோடிச் சேலை வரும்வரை

பிள்ளைகளே, இந்தக் கதையில் முதலிலேயே ஒரு பெட்டி வந்துவிடுகிறது. மனசு இளகினவர்கள் பக்கத்தில் இருப்பவரின் கையைப் பிடித்துக்கொண்டு கேளுங்கள். நான் மெதுவாகவே சொல்கிறேன்.

பெட்டியில் வந்தவள் விஜயலெட்சுமி. மடுல்சீமைக்கு மேலே, பஸ் திரும்புகிற இடத்திலிருந்தும் இன்னும் ஏறி நடக்க வேண்டிய தோட்டம் ஒன்றில் பிறந்தவள். அதே தோட்டத்தின் கீழ்ப்பிரிவில் புவனேந்திரனுக்கு வாழ்க்கைப்பட்டவள். வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போனாள். மாடிப்படியில் தவறி விழுந்து செத்துப்போனாள் என்று முதலில் ஒரு காகிதம் வந்தது. காகிதத்துக்குப் பின்னால் அவள் வந்தாள்.

புவனேந்திரன் கொழும்புக்குப் போய், நீட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டுப் பெட்டியை எடுத்து வந்தான். கேள்வி கேட்டால் மாதக்கணக்கில் குளிரறையில் கிடக்கும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அவனைத் திட்டாதீர்கள். பெண்டாட்டி இனியும் குளிரில் கிடக்கக் கூடாது என்றுதான் போட்டான். உள்ளே தகடு வைத்து ஒட்டின பெட்டி அது. முகத்துக்கு நேரே மட்டும் ஒரு சின்னக் கண்ணாடி. அதன் வழியாகத்தான் எல்லோரும் பார்த்து அழுதார்கள்.

பெட்டியோடு அவளுடைய பையும் வந்தது. உடுப்பு, ஒரு பிளாஸ்டிக் சீப்பு, திரை நொறுங்கின கைபேசி. அந்தக் கைபேசியை விதுஷாதான் முதலில் கையில் எடுத்தாள்.

விதுஷா விஜயலெட்சுமியின் ஒரே தங்கை. பதுளையில் ஒரு கணினிக் கடையில் வேலை செய்கிறாள், அங்கேயே ஓர் அறை எடுத்துத் தங்கியிருக்கிறாள். அக்கா கடைசியாக அவளோடு பேசியபோது குரலைத் தாழ்த்தி ஒன்று சொன்னாள். இங்கே நடக்கிறதை எல்லாம் போனில் பேசிப் பேசி வைத்திருக்கிறேன், வீட்டுக்காரி போனை வாங்கி நோண்டுகிறாள், அதனால் பூட்டு ஆப் ஒன்றில் பூட்டி வைத்திருக்கிறேன், திறக்கிற நம்பரை நேரில் வந்து சொல்கிறேன் என்றாள். நேரில் வந்தாள், பார்த்தீர்களா, நம்பரைச் சொல்ல வாயில்லாமல்.

கைபேசி உயிரோடு இல்லை. ஆனால் அதற்குள் இருந்த விரல் நகம் அளவு மெமரி கார்டு உடையாமல் முழுசாக இருந்தது. விதுஷா அதைக் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்தாள்.

அன்று சாயங்காலமே புவனேந்திரனிடம் போய்ப் பேசினாள். ரெண்டு நாள் பொறுங்க மச்சான், அக்கா ஏதோ பேசி வைத்திருக்கிறாள், அதைக் கேட்டுவிட்டு எரிக்கலாம் என்றாள். அவன் சிவந்த கண்ணோடு அவளைப் பார்த்தான்.

"எதை வச்சுடி நிறுத்தச் சொல்ற? என்ன இருக்கு அதுல? உனக்குத் தெரியுமா?"

தெரியாது. அதுதான் உண்மை. பூட்டின பெட்டி ஒன்று கூடத்தில், பூட்டின இன்னொரு பெட்டி கைக்குட்டையில். நாளைக்கு மத்தியானம் தூக்குவது என்று தோட்டத் தலைவர் முதற்கொண்டு எல்லோரும் பேசி முடித்துவிட்டார்கள். எரித்துவிட்டால் அக்காவின் உடம்பு என்ன சொல்ல இருந்ததோ அதுவும் சேர்ந்து எரியும்.

தாய் அங்கம்மா அடுப்படியில் இருந்தபடியே இதைக் கேட்டாள். கொஞ்ச நேரம் கழித்து விதுஷாவைக் கிட்டக் கூப்பிட்டு, காலையில் முதல் பஸ்ஸில் பதுளைக்குப் போ என்றாள். கோடி எடுக்கப் போ.

கோடி என்றால் என்னவென்று சின்னவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். கட்டிக்கொடுத்த பெண் செத்தால், அவள் மேல் போர்த்தப் பிறந்த வீட்டிலிருந்து ஒரு புதுச்சேலை வர வேண்டும். புருஷன் இருக்கப் போனவளுக்கு அது நல்ல நிறச் சேலையாக இருக்க வேண்டும். அந்தச் சேலை வராமல் பிணத்தைத் தூக்க மாட்டார்கள். புருஷன் வீட்டார் எத்தனை பெரிய மனிதர்களாக இருந்தாலும் வாசலில் நின்று காத்திருக்கத்தான் வேண்டும்.

"நீ வர்ற வரைக்கும் கோடி வரல, கோடி வரலன்னு சொல்லிக்கிட்டே இருப்பேன்" என்றாள் அங்கம்மா. "அதுக்கு மேல என்னால முடியாதுடி. கேட்டுட்டு வா."

இப்படித்தான், ஒரு சேலையைக் கொண்டு சாவைப் பிடித்து நிறுத்தி வைத்தார்கள் தாயும் மகளும்.

விதுஷா பதுளையில் இறங்கி, கடை திறந்ததும் அரக்குச் சேலை ஒன்றை எடுத்தாள். சேலைப் பொதியோடு தான் வேலை செய்கிற கணினிக் கடைக்கு வந்தாள். கடை ஷிஹானாவுடையது. ரெண்டு பேரும் ஒரே வகுப்பில் கணினி படித்தவர்கள். ஷிஹானா ஷட்டரைப் பாதி தூக்கியிருந்தாள்.

"நீ என்னடி இங்க? மய்யித்து வீட்டுல இருக்க வேணாமா?" செத்த வீட்டைத்தான் அவள் அப்படிச் சொன்னாள்.

விதுஷா கைக்குட்டையை அவிழ்த்துக் காட்டினாள். ஷிஹானா அதற்கு மேல் கேட்கவில்லை. ஷட்டரை உள்ளிருந்து இறக்கிவிட்டு, கடையில் இருந்ததிலேயே நல்ல கணினியைக் கிளப்பினாள்.

இனி வருவது கணினிச் சங்கதி. பயப்படாதீர்கள், எனக்கு விளங்கின அளவுக்குத்தான் சொல்வேன்.

கார்டில் அக்கா பூட்டி வைத்த கோப்பு இருந்தது. ஆனால் பூட்டு ஆப்பை இப்போது எங்கேயும் எடுக்க முடியவில்லை, செய்தவர்கள் கைவிட்டுவிட்டார்கள். எங்கோ ஒரு புண்ணியவான், அந்தப் பூட்டைக் கணினியில் திறக்க ஒரு நிரல் எழுதி எல்லோருக்கும் பொதுவாகப் போட்டிருந்தான். பூட்டின நம்பர் ஆறு இலக்கம். தெரியாவிட்டால், சைபரிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கும் அந்த நிரல். ஆனால் அதை அப்படியே ஓட்ட முடியாது. எழுதினபடி கிடக்கிற வரிகளை நம்முடைய விண்டோஸ் கணினியிலேயே கம்பைல் செய்து, ஓடுகிற பொருளாக ஆக்கிக்கொள்ள வேண்டும். அதற்கும் முன்னால், பூட்டும் திறப்பும் செய்கிற குறியாக்க லைப்ரரி ஒன்றைக் கம்பைல் செய்ய வேண்டும். அதுதான் சாவிப்பட்டறை. அது இல்லாமல் நிரல் வெறும் கூடு.

விதுஷா திரையில் கட்டளை எழுதுகிற கறுப்புச் சன்னலைத் திறந்து கட்டளையைத் தட்டினாள். லைப்ரரி முதல் அடியிலேயே நின்றது. அசெம்பிளரைக் காணவில்லை என்றது.

அசெம்பிளர் என்பது, கணினியின் மூளைக்கு அதனுடைய சொந்தப் பேச்சிலேயே கட்டளை எழுதித் தருகிற கருவியாம். லைப்ரரியில் கணக்கு கனமான இடங்களை எல்லாம் அந்தப் பேச்சில் எழுதி வைத்திருப்பார்களாம், வேகத்துக்காக. விதுஷா அதை இணையத்திலிருந்து இறக்கிப் போட்டாள். திரும்பவும் கட்டளையைத் தட்டினாள். திரும்பவும் காணவில்லை என்றது.

போட்டாச்சே, இருக்கிறதே என்று ஷிஹானா திரையில் விரல் வைத்துக் காட்டினாள். இருந்தது, ஆனால் பயனரின் பெயரில் உள்ள ஏதோ ஒரு மூலைக் கோப்புறைக்குள் போய் உட்கார்ந்திருந்தது. அந்த இடத்தைக் கணினியின் தேடும் பாதையில் சேர்த்தாள் விதுஷா. அப்போதும் காணவில்லை. முன்பே திறந்து வைத்த சன்னலுக்குப் புதுப்பாதை தெரியாது, மூடிவிட்டுப் புதிதாகத் திறந்தால்தான் தெரியும். சும்மா நாளாக இருந்தால் இது அவளுக்கு உடனே நினைவு வந்திருக்கும். அன்றைக்கு வரவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் இருந்த முகம்தான் நினைவில் நின்றது.

அப்போது முதல் அழைப்பு வந்தது. கணபதி மாமா. அங்கம்மாவின் தம்பி, அந்தப் பிள்ளைகள் ரெண்டு பேரையும் தோளில் தூக்கித் திரிந்த தாய்மாமன். எங்கம்மா இருக்க, சேலை எடுத்தாச்சா என்று கேட்டார். நல்ல நிறமாகக் கிடைக்கவில்லை மாமா, பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றாள். சேலை அவள் மடியில் இருந்தது.

ஷிஹானா ஒரு வழி சொன்னாள். அசெம்பிளர் வேண்டாம் என்று ஒரு சொல்லைச் சேர்த்துத் தட்டினால் அது இல்லாமலே லைப்ரரி உருவாகிவிடும், வேகம்தான் குறையும். சரி என்று அப்படியே செய்தார்கள். ஒரு முனகல் இல்லாமல் உருவானது. நிரலும் ஓடியது. விதுஷா முதலில் தனக்குத் தெரிந்த எண்களைக் கொடுத்தாள். அக்கா பிறந்த நாள், தான் பிறந்த நாள், கல்யாண நாள், அப்பா செத்த நாள். அம்மாவின் அடையாள அட்டையில் முன் எண்கள், பின் எண்கள். ஒன்றுக்கும் திறக்கவில்லை.

பிறகு சைபரிலிருந்து ஓடவிட்டார்கள். எண்கள் ஒவ்வொன்றாக நடந்தன. ஓடவில்லை பிள்ளைகளே, நடந்தன. அந்தப் பூட்டு ஒவ்வொரு எண்ணுக்கும் வேண்டுமென்றே ஆயிரமாயிரம் தடவை கணக்குப் போட வைக்கிற பூட்டு. கள்ளன் சலித்துப் போகட்டும் என்று அப்படிச் செய்வார்களாம். ஷிஹானா கடைக் கல்குலேட்டரை எடுத்துக் கணக்குப் பார்த்தாள். முழுசும் பார்த்து முடிய நாளைக்கு இந்நேரம் ஆகும் என்றாள். அசெம்பிளரோடு கட்டினால்? பகல் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் பின்னால் முடியலாம்.

விதுஷாவின் முன்னால் ரெண்டு வழி கிடந்தது. நடக்கிறதை நடக்கவிட்டு, எண் சீக்கிரத்திலேயே வந்துவிடாதா என்று கும்பிட்டுக்கொண்டிருக்கலாம். இல்லாவிட்டால் நிறுத்திவிட்டு, அசெம்பிளரோடு முதலிலிருந்து கட்டலாம். ரெண்டையும் ஒன்றாகச் செய்ய அந்தக் கணினிக்குத் திராணி இல்லை.

நிறுத்தினாள்.

அப்போதுதான் நினைவு வந்து, சன்னலை மூடிப் புதிதாகத் திறந்தாள். இந்த முறை அசெம்பிளர் அகப்பட்டது. வரிகள் சரசரவென்று மேலே ஏறின. ஷிஹானா தேத்தண்ணி ஊற்றி வந்தாள். மேலே ஏறுகிற வரிகளைப் பார்த்துக்கொண்டே, இதுவும் என் மாமியார் மாதிரிதான், கத்துகிற வரைக்கும் பயமில்லை, கத்தாமல் நின்றால்தான் பயம் என்றாள். விதுஷாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததும் அழுகை வந்தது. அழ நேரமில்லை, குடி என்றாள் ஷிஹானா.

ரெண்டாவது அழைப்பு புவனேந்திரனிடமிருந்து. ஊர் முழுக்க வந்து நிற்கிறது, பறை அடிக்கிறவர்கள் காத்திருக்கிறார்கள், மழை இருட்டிக்கொண்டு வருகிறது, உன் அம்மா வாயைத் திறந்தால் கோடி வரவில்லை என்கிறாள், நீ எங்கே இருக்கிறாய். பஸ்ஸில் இருக்கிறேன் மச்சான் என்றாள். பஸ் சத்தம் ஒன்றும் கேட்கவில்லையே என்று அவன் கேட்பதற்குள் வைத்துவிட்டாள்.

வரிகள் நின்றன. கடைசிக் கட்டத்தில், எல்லாத் துண்டுகளையும் ஒன்றாகக் கோர்க்கிற இடத்தில் நின்றன. ஒரு துண்டு ஒரு ரகம், மற்றத் துண்டு வேறு ரகம், ரெண்டும் பொருந்தாது என்று திரை சொன்னது.

விதுஷா அதை மூன்று தடவை வாசித்தாள். பிறகுதான் கண்ணில் பட்டது. விண்டோஸில் கம்பைல் செய்கிறவர்களுக்கென்று ரெண்டு கறுப்புச் சன்னல் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். ஒன்று பழைய முப்பத்திரண்டு பிட் கணினிக்கு, மற்றது அறுபத்துநான்கு பிட் கணினிக்கு. பெயரில் ஒரு வால்தான் வித்தியாசம். அவள் காலையிலிருந்து பழையதைத் திறந்து வைத்திருந்தாள். அசெம்பிளர் இல்லாமல் கட்டியபோது எல்லாத் துண்டும் ஒரே பழைய ரகமாகவே வந்ததால் பிழை வெளியே தெரியவில்லை. இப்போது அசெம்பிளர் புது ரகத்தில் துண்டு செய்ய, மற்றது பழைய ரகத்தில் செய்ய, ஒன்றோடு ஒன்று ஒட்ட மாட்டேன் என்றன.

சரியான சன்னலைத் திறந்து திரும்பக் கட்டினாள். நேரம் போனது. திரும்பவும் அதே பிழை, அதே சொல்.

அவள் மேசையில் நெற்றியை வைத்தாள். அப்போதுதான் மூன்றாவது அழைப்பு. கணபதி மாமா. குரல் தணிந்திருந்தது. இங்கே சண்டை வருகிற மாதிரி இருக்குதம்மா, உன் மச்சான் வீட்டார், பிறந்த வீட்டுக்காரர் தங்களை அவமானப்படுத்துகிறார்கள் என்கிறார்கள், எங்கே இருக்கிறாய் தாயி, ஒரு சொல் சொல்லு என்றார்.

அவருக்கு ஏதாவது சொல்லியாக வேண்டும். மழை பெய்திருந்தது. பதுளையிலிருந்து தோட்டத்துக்கு ஏறுகிற ரோட்டில் மழைக்கு மண் விழுவது புதுசில்லை.

"பசறைக்கு மேல மண் சரிஞ்சு ரோடு மூடியிருக்கு மாமா. பஸ் நிக்குது. எப்ப விடுவாங்கன்னு தெரியல" என்றாள்.

பத்திரமாக இரு, மண் விழுகிற பக்கம் இறங்கி நிற்காதே, ஒரு பிள்ளையைப் பறிகொடுத்தது போதும் என்றார். வைத்துவிட்டார்.

ஷிஹானா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நீ சன்னலை மாற்றினாய், சரி, ஆனால் பழைய சன்னலில் செய்த துண்டுகள் உள்ளேயே கிடக்கின்றனவே என்றாள். ஏற்கனவே செய்த துண்டுகளைக் கணினி திரும்பச் செய்யாது, இருக்கிறதை எடுத்துக் கோர்க்கத்தான் பார்க்கும். வீட்டைக் கூட்டாமல் புதுப்பாய் விரித்திருக்கிறார்கள். விதுஷா அந்தக் கோப்புறை முழுவதையும் அழித்தாள். மூலத்தைத் திரும்ப விரித்து, சரியான சன்னலில், அசெம்பிளரோடு, முதல் வரியிலிருந்து தொடங்கினாள்.

இந்த முறை கத்தாமல் முடிந்தது. பயந்துகொண்டே நிரலை ஓட்டினாள்.

எண்கள் ஓடின. கண்ணால் பிடிக்க முடியாத ஓட்டம். ஷட்டருக்கு வெளியே யாரோ தட்டி, போட்டோக்கொப்பி எடுக்க வேண்டும் என்றார்கள். ஷிஹானா, இன்றைக்குக் கடை இல்லை என்று உள்ளிருந்தே சொன்னாள். நாலாவது அழைப்பு வரும் வரும் என்று விதுஷா கைபேசியை மேசையில் மல்லாத்தி வைத்திருந்தாள். வரவில்லை. மாமா நம்பிவிட்டார், காத்திருக்கிறார்கள் என்று அவள் நினைத்தாள். அந்த மௌனம் அவளுக்கு ஆறுதலாகவே இருந்தது என்று பின்னால் ஷிஹானாதான் என்னிடம் சொன்னாள்.

ஓட்டம் நின்றது. திரையில் ஓர் எண். யார் பிறந்த நாளும் இல்லை, யார் செத்த நாளும் இல்லை. அந்த எண் ஏன் என்று இன்றைக்கு வரைக்கும் யாருக்கும் தெரியாது.

பூட்டுக்குள் பத்துப் பதினைந்து பதிவுகள் இருந்தன. விதுஷா கடைசியைத் திறந்தாள். தண்ணீர்க் குழாய் ஓடுகிற சத்தம். அந்தச் சத்தத்துக்குள் ஒளிந்துகொண்டு அக்கா பேசினாள்.

"விது, இதை மொதல்ல நீ கேளு. அம்மாவுக்குப் போடாத. நான் நடந்து வந்தேன்னா இதை அழிச்சிருவேன். பெட்டியில வந்தேன்னா, யாரு என்ன காயிதம் காட்டினாலும் நம்பாதீங்க. பெட்டியத் தொறந்து முதுகப் பாருங்க. எடது தோள்பட்டைக்குக் கீழ துணி தேய்க்கிற அயன்பொட்டிய சுடச்சுட வச்ச தடம் இருக்கு. இடுப்புக்கு மேலயும் இருக்கு. இன்னும் ஆறல. அதைப் பாத்தா போதும், வேற ஒண்ணும் சொல்லத் தேவையில்ல."

குழாய் நின்றது. பதிவும் நின்றது.

விதுஷா மாமாவுக்கு எடுத்தாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மச்சானுக்கு எடுத்தாள். அதுவும் ஓய்ந்தது. திரும்ப மாமாவுக்கு எடுத்தாள். இம்முறை எடுத்தது அங்கம்மா. பின்னால் தண்ணீர் ஊற்றி வீடு கழுவுகிற சத்தம் கேட்டது. பிணம் போன பிறகுதான் வீடு கழுவுவார்கள்.

"தூக்கிட்டாங்களாம்மா?"

சட்டையைக் கழற்றி இங்கே போட்டுவிட்டுத்தான் போயிருக்கிறார்கள் ஆம்பிளைகள், போன் எல்லாம் சட்டையிலே கிடக்கிறது என்றாள் அங்கம்மா. பிறகு சொன்னாள், திட்டுகிற குரலில் இல்லை, ஓய்ந்த குரலில்:

"ரோடு மூடியிருக்குன்னு நீ மாமாகிட்ட சொன்னியாம். அவன் தோட்டத்துக் கடையில ஒரு சேலைய வாங்கிட்டு வந்துட்டான்டி. தாய்மாமன் கோடிய நான் எப்பிடி வேணாம்பேன்?"

கேட்டீர்களா பிள்ளைகளே. தாய்மாமன் பிறந்த வீட்டுக்குச் சமம். அவர் கோடி போட்டால் போட்டதுதான். விதுஷா மண் சரிவில் மாட்டிக்கொண்டாள், தன் அக்கா அங்கம்மா வாசலில் அவமானப்படுகிறாள், நாம்தான் முன்னுக்கு நிற்க வேண்டும் என்று நினைத்த நல்ல மனசு. அந்த நல்ல மனசுக்கு விதுஷாவே வழி திறந்துவிட்டாள். வேறு எந்தப் பொய்யைச் சொல்லியிருந்தாலும் அவர் இன்னும் கொஞ்சம் பார்ப்போம் என்றிருப்பார்.

அக்கா சொன்னதை விதுஷா அழுதுகொண்டே சொன்னாள். அங்கம்மா முழுசும் கேட்டாளா என்று தெரியாது. போன் கீழே விழுந்த சத்தம் கேட்டது.

பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை அந்தப் பக்கத்தில். அங்கம்மா போனாள். ஈரக் கையோடு, தேயிலை மலைக்குள் குறுக்கே இறங்கி, செடி வாதுகள் கிழிக்கக் கிழிக்கப் போனாள். பின்னால் ரெண்டு பெண்கள் கூப்பிட்டுக்கொண்டே ஓடினார்கள். அவள் போய்ச் சேர்ந்தபோது நெருப்பு விறகின் எல்லாப் பக்கமும் பிடித்திருந்தது. தூறலுக்கு அணைந்துவிடக் கூடாதே என்று நிறைய எண்ணெய் ஊற்றியிருந்தார்கள். கழியை எடுத்து விறகைத் தள்ளப் போனாள். நாலு பேர் பிடித்துக்கொண்டார்கள். புத்தி பேதலித்துவிட்டது என்றுதான் நினைத்தார்கள். அவள் சொன்ன பிறகு ஒவ்வொருவராகக் கையை விட்டார்கள். அதற்குப் பிறகு அவளும் விறகுக்குக் கிட்டப் போகவில்லை. போய் என்ன செய்வது?

புவனேந்திரன் கொள்ளி வைத்த கையைப் பார்த்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டானாம். இருட்டுகிற வரைக்கும் எழும்பவில்லையாம்.

மறுநாள் மூன்று பேர் பொலிசுக்குப் போனார்கள். விதுஷா, புவனேந்திரன், கணபதி மாமா. முந்தின இரவு வீட்டில் அந்தப் பதிவைப் போட்டபோது மாமா எழுந்து வெளியே போய்விட்டார். என் கையால் கோடி போட்டேன், என் காதால் இதைக் கேட்க முடியாது என்றார். அதனால் அவருக்கு, அக்கா ஏதோ கொடுமையைச் சொல்லியிருக்கிறாள் என்பது மட்டும் தெரியும். சுடுகாட்டில் அங்கம்மா கத்தியது மழையிலும் கூச்சலிலும் அவர் காதில் முழுசாக விழவில்லை.

அதிகாரி பொல்லாதவர் இல்லை. விதுஷா சிங்களத்தில் விளங்கப்படுத்த விளங்கப்படுத்த, பதிவை ரெண்டு தடவை காதில் வைத்துக் கேட்டார். மாமா கதவுக்கு வெளியே நின்றார். குரலை மேலே அனுப்புகிறேன் என்றார் அதிகாரி. ஆனால் அந்த நாட்டில் ஒன்றுதான் கேட்பார்கள், உடம்பில் காயம் இருந்ததா, யார் பார்த்தது என்று. டொக்டர் பார்த்தாரா? இல்லை. புருஷன் பார்த்தானா? புவனேந்திரன் தலையை ஆட்டினான். முகத்தைத்தான் பார்த்தேன் ஐயா, அதுவும் கண்ணாடியில், கொள்ளியும் திரும்பி நின்றுதான் வைத்தேன் என்றான். நேற்றே வந்திருக்கலாமே என்று அதிகாரி சொன்னார். குற்றமாகச் சொல்லவில்லை. ஆனாலும் விதுஷாவுக்குத் தலை நிமிரவில்லை.

அவர் பேனாவை மூடினார்.

கதவடியில் நின்ற மாமா உள்ளே வந்தார். தொப்பியைக் கையில் வைத்து நசுக்கிக்கொண்டு, தகடு எரியாது என்று சுடுகாட்டில் பெட்டியை வெட்டி ஆளைத் தூக்கித்தான் விறகில் வைத்தோம் என்றார். தலைமாட்டில் தூக்கியது நான். வெள்ளைத் துணியில் சுற்றித் தைத்திருந்தது. கண்ணால் ஒன்றும் பார்க்கவில்லை. ஆனால் முதுகுக்குக் கீழே கை கொடுத்தபோது கைக்கு ஒன்று பட்டது. அந்த நாட்டில் அறுத்துப் பார்த்துத் தைத்த தையல் என்று நினைத்துக்கொண்டேன், துரை.

விதுஷா அதைச் சிங்களத்தில் சொன்னாள். எந்த இடத்தில் என்று கேள் என்றார் அதிகாரி.

மாமா விதுஷாவைப் பார்த்து, கொஞ்சம் திரும்பு தாயி என்றார். பெரிய பிள்ளையான நாளிலிருந்து அவளைத் தொட்டுப் பேசாத மனிதர். அவள் திரும்பி நின்றாள். தேயிலைக் கொழுந்து மூட்டை தூக்கிக் காய்த்துப்போன உள்ளங்கை அவளுடைய இடது தோள்பட்டைக்குக் கீழே வந்து அமர்ந்தது. அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு இடுப்புக்கு மேலே இறங்கியது. திரும்பவும் தோள்பட்டைக்குக் கீழேயே வந்தது.

அதிகாரி பேனாவைத் திறந்தார்.

விதுஷா அசையாமல் நின்றாள். மாமாவின் கட்டைவிரல் அவளுடைய சட்டையின் மேல் மெதுவாக ஒரு கோடு இழுத்தது, பிறகு சாய்வாக வந்து அதன் நுனியைத் தொடுகிற இன்னொரு கோடு.

"தையல் இல்லம்மா" என்றார் மாமா. "இந்த எடத்துல ஒரு மூலை இருந்துச்சு. கூரா, கெட்டியா. ஒரு மூலை."